புள்ளடிக்குக் கீழே என் பெயர்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தேர்தலின் முடிவை மாற்றியிருக்கிறேன். யார் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேனோ, அவரைத் தோற்கடித்து மாற்றினேன். அதுவும் ஒரே ஒரு வாக்கால். அந்த வாக்கு என்னுடையது; அதை நான் அவருக்கேதான் போட்டேன். (இது எப்படி என்று இப்போது குழம்புகிறீர்கள் அல்லவா? அன்றைக்கு அங்கே இருந்த சட்டத்தரணிகளும் முதலில் இப்படித்தான் குழம்பினார்கள்.)

அப்போது நான் சத்தியப்பிரமாணம் செய்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த முதல் சட்டத்தரணி நான். பதுளையில் பாலச்சந்திரன் சாரிடம் ஜூனியராக இருந்தேன். சார் கெட்டிக்காரர், வாய்க்காரர். தோட்டத்து ஆட்களுக்கு அவரை விட்டால் வேறு லோயர் தெரியாது. பஸ் ஏறி வருகிறவர்களை இரண்டாம் முறை அலையவிடக் கூடாது என்பதற்காக அவர் ஒரு வழி வைத்திருந்தார். முதல் நாளே நாலைந்து வெறுந்தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். பிறகு எது தேவையோ அதை அந்தத் தாளில் அடித்துக்கொள்ளலாம். அடிப்பது என் வேலை.

அப்படி நான் அடித்த ஒரு சத்தியக்கடதாசி (கையெழுத்து வைத்தவரே சத்தியம் செய்து சொன்னதாக எழுதும் தாள்) ஒருநாள் கோர்ட்டில் வாசிக்கப்பட்டது. வீட்டுக் காணி வழக்கு. கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா கூண்டில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் இப்படிச் சொல்லலீங்களே ஐயா" என்றார். "கையெழுத்து உங்களுடையதா?" என்று கேட்டார்கள். "கையெழுத்து என்னுதுதாங்க. சொன்னதுதான் நான் இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். நான் பைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. சாரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினேனா என்றால், அதுவும் இல்லை.

இந்த நிலையில்தான் சட்டத்தரணிகள் சங்கத்துத் தலைவர் தேர்தல் வந்தது. சார் ஒரு பக்கம் நின்றார். எதிர்ப்பக்கம் ரிஸ்வானா மேடம், பதுளை டவுனில் புடவைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். ஆட்கள் தங்கள் குறையை எழுதிவைக்க நீதிமன்ற வாசலிலேயே ஒரு முறைப்பாட்டுப் புத்தகம் வைக்க வேண்டும், வெறுந்தாளில் கையெழுத்து வாங்கும் அங்கத்தவரைச் சங்கமே விசாரிக்க வேண்டும் என்பது மேடத்தின் பேச்சு. "நம்ம வீட்டுக் குப்பைய ரோட்டுல கொண்டுபோய்க் கொட்டுறதா?" என்பது சாருடைய பேச்சு. சட்டத்தரணிகள் கூடும் நீதிமன்ற நூலகத்தில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

ஆதரவாளர் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை சார் என்னிடம் கொடுத்தார். நானும் அழகாகத் தயாரித்தேன். முதல் பெயராக என் பெயரையே எழுதினேன். (யாரும் எழுதச் சொல்லவில்லை. பயந்தவர்களுக்கு இப்படித்தான் கை தானாக ஓடும்.) சார் தினமும் காலையில் அந்தப் பட்டியலை எண்ணுவார்.

"முப்பத்தொண்ணு. அவங்களுக்கு முப்பது. ஒரு வோட்டுல நாம தாண்டிருவோம் ஜெயந்தி."

"ஆமாங்க சார்."

ஒரு வாக்கு. அது யாருடையது என்று எனக்கு மட்டும் தெரியும். அந்த வாரம் முழுவதும் சாரின் கண்ணைப் பார்க்காமலே வேலை செய்தேன்.

இது போதாதென்று, தேர்தலுக்கு முந்தின நாள் ரிஸ்வானா மேடம் நீதிமன்றத் தாழ்வாரத்தில் என்னைப் பிடித்தார். "தங்கச்சி, நான் வோட்டு கேக்க வரல்ல. ஒங்கட சீனியர் நிக்கிறாரு, அது எனக்கு வெளங்கும். நான் செய்யப்போறதெல்லாம் எழுதின இந்தத் தாள மட்டும் வாசிச்சுப் பாருங்க" என்றார். கேட்காத வாக்கை நானே எடுத்துக் கொடுத்தேன். "உங்களுக்குத்தான் மேடம்" என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது ஊரில் இருந்த இரண்டு வேட்பாளருக்கும் என் வாக்கு உறுதி.

அன்று மாலை அப்பாவுக்கு போன் எடுத்தேன். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் வேலை பார்த்து ஓய்ந்தவர், தோட்டத்துச் சங்கத் தேர்தல்கள் பலவற்றைப் பார்த்தவர். "இதுக்கா இப்படி நடுங்குற? யாருக்கும் தெரியாதபடிக்குத்தானே போடச் சொல்றாங்க. புடிச்சவங்களுக்குப் போட்டுட்டு பேசாம வா" என்றார். எவ்வளவு எளிது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை, நீதிமன்ற நூலகம். இரண்டு புத்தக அலுமாரிகளுக்கு நடுவே ஒரு திரை, ஒரு மேசை. என் முறை வந்தது, உள்ளே போனேன். திரைக்கு அப்பால் சார் இருமுவது கேட்டது. அந்தக் கூண்டில் நின்ற அம்மாவை நினைத்துக்கொண்டேன். ரிஸ்வானா மேடத்தின் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போல அழுத்தமாக ஒரு புள்ளடி போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துணிச்சலான காரியம் செய்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் லேசானது. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, சாருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க சார்."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணத் தொடங்கினார்கள். தேர்தல் அதிகாரியாக இருந்தவர் விஜேரத்ன என்ற மூத்த சட்டத்தரணி. ஒவ்வொரு சீட்டாக விரித்து, எல்லோருக்கும் காட்டி, பெயரைச் சொல்லி வைப்பார். முப்பது, முப்பது என்று வந்து நின்றது. கடைசிச் சீட்டை விரித்தவர் பெயரைச் சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு இறக்கினார். "இதில் கையெழுத்து இருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார்.

அறை முழுவதும் ஒரு முணுமுணுப்பு. பிறகு சிரிப்பு. எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தவர் எங்கள் சார்தான். "யாருய்யா அந்த மேதாவி? லோயரா இருந்துகிட்டு வோட்டுல கையெழுத்து வச்சிருக்கான்" என்றார். நானும் சிரித்தேன். சும்மா ஒப்புக்கு இல்லை, வயிறு குலுங்கவே சிரித்தேன். ஒரு வாரப் பயம் எல்லாம் அதில் கரைந்தது.

வேட்பாளர் என்ற முறையில் சார் சீட்டைப் பார்வையிடப் போனார். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் என் வலது கை எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தத் தாள் என் கையைத் தாண்டினாலும் கீழே வலது மூலையில் என் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். எட்டு மாதமாக ஒரு நாளைக்கு எத்தனை பக்கமோ, கணக்கில்லை. புள்ளடி போட்டது நான். கையெழுத்துப் போட்டது என் கை. என் கையெழுத்தாவது மற்ற லோயர்மாருடையது மாதிரி கோழி கிளறியதாக இருந்திருக்கலாம். இல்லை. எஸ். ஜெயந்தி என்று ஒவ்வோர் எழுத்தும் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதியது போல நிற்கும். தேதியும் சரியாகப் போட்டிருந்தேன். அதற்குச் சற்று மேலே, 'பெயரோ கையொப்பமோ இடக் கூடாது' என்று மூன்று மொழிகளிலும் அச்சடித்திருந்தது. சொல்லாததைச் சொன்னதாக ஒருவர் கையெழுத்து வைத்ததற்கு அவ்வளவு வருத்தப்பட்ட நான், வாசிக்காமலே கையெழுத்து வைத்திருந்தேன்.

பிறகு நடந்தது வழக்கு. சட்டத்தரணிகள் கூடியிருக்கும் அறையில் ஒரு சிக்கல் விழுந்தால் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணம் தெளிவு, எனவே செல்லும் என்றது ஒரு பக்கம். அடையாளம் தெரிகிறது, எனவே செல்லாது என்றது மறுபக்கம். புத்தகங்கள் அலுமாரியிலிருந்து இறங்கின. கையெழுத்திட்டவரை அழைத்து விசாரிக்கலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னபோது, நான் நாற்காலியில் வழுக்கி வழுக்கி, மேசைக்கு மேலே என் கண்கள் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்திருந்தேன்.

வேட்பாளராகத் தானும் சீட்டைப் பார்த்திருந்த ரிஸ்வானா மேடம் எழுந்தார்.

"விசாரிக்க வாணாம். இது ரகசிய வோட்டு. ஆள எழுப்பி, நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு கேட்டுத்தான் எனக்கு இந்தப் பதவி வரணும்னா, எனக்கு அது வாணாம். ரூல்ல செல்லாதுன்னு இருக்கு. செல்லாதுன்னு எழுதுங்க."

எழுதினார்கள். முப்பதுக்கு முப்பது. சமநிலை வந்தால் திருவுளச்சீட்டு என்பது சங்கத்து விதி. இரண்டு துண்டுத் தாள்களை மடித்து ஒரு தேநீர்க் கோப்பைக்குள் போட்டுக் குலுக்கினார்கள். சாருடைய பெயர் வந்தது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

வெளியே போகும்போது மேடம் என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். "நீங்க பொய் சொல்றீங்கன்னுதான் நெனச்சேன் தங்கச்சி. மன்னிச்சுக்கோங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கிழித்தேன். திங்கட்கிழமை காலை சார் முன்னால் போய் நின்றேன். அவர் பைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்குப் போடலங்கிறது போகட்டும். பட்டியல்ல உன் பேர ஏன் மொதல்ல எழுதுன?"

"பயத்துல சார்."

"என்ன பயம்?"

"வெறுந்தாள்ல கையெழுத்து வாங்குறது எனக்குப் புடிக்கல சார். அந்த அம்மா கூண்டுல நின்னப்ப…"

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத் தைரியம் இல்லீங்க சார்."

"அவ்வளவு பேருக்கு முன்னால கையெழுத்து வச்சு, தேதி போட்டுச் சொல்ல மட்டும் தைரியம் இருந்துச்சா?"

நான் அழுதுவிட்டேன். சார் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். அன்றிலிருந்து என்னை 'நீங்க' என்று அழைக்கத் தொடங்கினார். "வாங்க ஜெயந்தி. உக்காருங்க. தேத்தண்ணி குடிச்சீங்களா?" அந்த மரியாதை நான் அங்கே இருந்த ஒன்றரை வருடமும் குறையவே இல்லை. ஆனால் வெறுந்தாள் எதையும் அதற்குப் பிறகு என்னிடம் தரவில்லை. தானே அடித்துக்கொண்டாரா, அடியோடு விட்டுவிட்டாரா, நான் கேட்கவில்லை. (தைரியம் அப்போதும் வரவில்லை.)

அடுத்த தேர்தலில் ரிஸ்வானா மேடம் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். முறைப்பாட்டுப் புத்தகமும் வந்தது. அதில் இரண்டாவது முறைப்பாடு என்மேல்தான். வழக்குத் தவணைத் தேதியை ஒரு கட்சிக்காரருக்கு மாற்றிச் சொல்லிவிட்டேன். விசாரணையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது குழுவில் இருந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு ஓய்வே கிடையாது. நாட்டில் எந்தத் தேர்தல் வந்தாலும் அப்பா லுணுகலையிலிருந்து போன் எடுத்து, "தேதி ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். வாக்குச்சாவடி வாசலில் என் கணவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பேர் வேணாம், கிராஸ் மட்டும்" என்று ஓதி அனுப்புவார்.

போன மாதம் என் மகளுடைய வகுப்பில் தலைவி தேர்தல். அவள் நாலாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய உயிர்த்தோழி ஃபாத்திமாவும் நின்றாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து பையைக் கழற்றியதும், "நான் பேர் எழுதலம்மா" என்றாள்.

"கெட்டிக்காரி. யாருக்குப் போட்ட?"

"மத்தப் புள்ளைக்கு. அவதான் எல்லாரையும் வெளையாட்டுல சேத்துக்குவா."

"ஃபாத்திமாவுக்குத் தெரியுமா?"

"ம். போடுறதுக்கு முந்தியே போய் சொல்லிட்டேன். மூணு நாளைக்கு எங்கூட பேச மாட்டாளாம்."

என் கணவர் பத்திரிகையை இறக்கி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில புள்ள மாறிருச்சு" என்றார். இப்போது வீட்டில் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.