எல்லாம் பச்சை, ஐஸ் மட்டும் தண்ணீர்

'ஓம்' என்றால் 'ஆம்' என்று அகராதியில் எழுதிவைத்த புண்ணியவான் யாழ்ப்பாணத்தில் ஒருநாளாவது யாரிடமாவது வேலை வாங்கியிருக்க மாட்டார். வாங்கியிருந்தால் ஒற்றைச் சொல்லில் அப்படி முடித்திருப்பாரா? இத்தனை காலத்துக்குப் பிறகும் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஒரு சொல்லால் என் கலியாணமே குழம்பப் பார்த்தது. பழி முழுவதும் என் தலையில்.

அப்போது நான் கொழும்புத்துறையில் ஓர் ஐஸ் கொம்பனியில் பராமரிப்புப் பொறுப்பாளராக இருந்தேன். (பொறுப்பாளர் என்றால் ஒரு மேசை, ஒரு சுழலும் கதிரை, கீழே இரண்டு மெக்கானிக்குகள்.) முதலாளி கனடாவில். அங்கே இருந்தபடியே இங்கே கொம்பனியை நடத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காக ஒரு மென்பொருளை வாங்கி அனுப்பினார். எந்த மெஷினுக்கு எப்போது எண்ணெய் மாற்றுவது, எந்தப் பெல்ட்டை எப்போது கழற்றுவது என்று அதுவே கணக்குப் பார்த்து மெக்கானிக்கின் போனுக்குச் செய்தி அனுப்பும். வேலை முடிந்ததும் மெக்கானிக் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் என் கொம்பியூட்டரிலும் முதலாளியின் போனிலும் அந்த மெஷின் பச்சை நிறமாகும். அழுத்தாவிட்டால் சிவப்பு.

அதில் தமிழும் இருந்தது. என்ன தமிழ் என்று கேளுங்கள். ஒரு பட்டனில் 'நிறைவேற்றப்பட்டது', மற்றதில் 'நிறைவேற்றப்படவில்லை'. போன் திரையில் அவ்வளவு நீளத்துக்கு இடம் ஏது? இரண்டு பட்டன்களிலும் 'நிறைவேற்றப்ப' என்று மட்டும்தான் தெரிந்தது. மெக்கானிக்குகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். முதல் மாதம் முழுக்க எல்லா மெஷினும் சிவப்பு. முதலாளி போன் எடுத்து, "உமக்குச் சம்பளம் தாறது கதிரையிலை இருந்து சுத்தவோ?" என்று கேட்டார்.

பட்டனில் உள்ள சொற்களை மாற்றும் வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது. (வசதி வைத்தவனை ஒருவரும் கேட்கவில்லை, மாற்றிய என்னைத்தான் கேட்கிறார்கள்.) எங்கள் சனத்துக்கு விளங்கட்டும் என்று பச்சையாக்கும் பட்டனுக்கு 'ஓம்' என்றும் சிவப்பாக்கும் பட்டனுக்கு 'இல்லை' என்றும் போட்டேன். நல்ல தமிழா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். அடுத்த நாளே திரை முழுக்க வாழைத் தோட்டம் மாதிரிப் பச்சை.

காலையில் செய்தி போகும். போன சூட்டோடு 'ஓம்' வந்து சேரும். பெரிய கொம்பிரஷருக்கு எண்ணெய் மாற்றுவது அரை நாள் வேலை. அதற்கும் நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் 'ஓம்' வந்தது. "அப்பவே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமோ?" என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஆட்கள் திருந்திவிட்டார்கள் என்று ஒரு மனிதன் சந்தோஷப்படுவது குற்றமா? முதலாளி என்னை 'பிள்ளை' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். அந்த நேரத்தில் எந்த மடையன் எழும்பிப் போய்க் கொம்பிரஷரைத் திறந்து பார்ப்பான்?

அந்தக் காலத்தில்தான் எனக்குக் குருநகரில் பெண் பேசினார்கள். பெயர் ஜெனிற்றா. படத்தைப் பார்த்த அன்றே நான் முடிவெடுத்துவிட்டேன். (அவளுக்கு என் படத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கொஞ்ச நாள் பிடித்ததாம்.) தகப்பன் அந்தோனிப்பிள்ளை வள்ளங்கள் வைத்திருப்பவர், மீனை ஐஸ் போட்டு லொறியில் கொழும்புக்கு அனுப்புகிறவர். மாப்பிள்ளை பார்க்க எங்கள் அச்சுவேலி வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு, "தம்பி என்ன வேலை செய்யிறீர்?" என்றார்.

"ஐஸ் கொம்பனியைக் கொம்பியூட்டராலை நடத்திறன், மாமா." (அந்த 'மாமா' கொஞ்சம் முந்திவிட்டது.)

"அப்ப மெஷின் பழுதுபடாதோ?"

"பட விடாது. முதலே சொல்லிப்போடும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "சரி, ஓம். எங்களுக்குச் சம்மதம். இனி ஐஸும் உங்கடை கொம்பனியிலைதான்" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை பெரிய லோட் ஒன்று கொழும்புக்குப் போகிறதென்று சொல்லி, அதற்கு வேண்டிய ஐஸ் முழுவதையும் என்னிடமே கேட்டார்.

வெள்ளிக்கிழமை நான் லீவு எடுத்துக்கொண்டு நிச்சயதார்த்தத்துக்குச் சேட் வாங்கப் பட்டினத்துக்குப் போனேன். அன்று பின்னேரம் பெரிய கொம்பிரஷர் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றிருக்கிறது. காவலாளிக்கு அது கேட்டிருக்கிறது. இரைச்சல் அடங்கியது நல்லதாய்ப் போயிற்று என்று அவர் படுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை மாமா லொறியோடு வந்து இறங்கினார். மீன் கரையில் காத்திருந்தது. நான் புதுச் சேட்டோடு நின்று, "எடுங்கோடா ஐஸை" என்று அதிகாரமாகச் சொன்னேன். ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். கட்டி வழுக்கிக்கொண்டு வர வேண்டிய இடத்தில் சளார் என்று தண்ணீர் வந்து மாமாவின் சாரத்தை முழங்கால்வரை நனைத்தது. அடுத்த பெட்டியும் தண்ணீர். அதற்கடுத்ததும் தண்ணீர்தான்.

போனை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மாமா, இஞ்சை பாருங்கோ. ஒரு பழுதும் இல்லை. எல்லாம் பச்சை."

அவர் போனைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, உந்தப் போனை மீனுக்கு மேலை வைச்சால் நாறாமல் கொழும்புக்குப் போகுமோ?"

லொறிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். (அவனுக்கு நான் கலியாணக் காட் கொடுக்கவில்லை.)

மூத்த மெக்கானிக் தேவசகாயம் அண்ணையைப் பிடித்துக் கேட்டேன். "கொம்பிரஷருக்கு எண்ணெய் மாத்தச் சொல்லி மெசேஜ் வந்ததோ?"

"ஓம்."

"ஓம் எண்டு அழுத்தினனீங்களோ?"

"ஓம்."

"அப்ப எண்ணெய் மாத்தினனீங்கள்?"

"இல்லை."

"பிறகேன் ஓமெண்டு அழுத்தினனீங்கள்?"

"எண்ணெய் மாத்தச் சொல்லிக் கேட்டிருந்தது. ஓம், மாத்துவம் எண்டன். கேக்கிற ஆளிட்டை இல்லையெண்டோ சொல்லுறது?"

"மற்ற மெஷினுகள்?"

"எல்லாத்துக்கும் ஓமெண்டுதான் சொன்னனான். நான் ஒரு வேலையையும் மறுக்கேல்லைத் தம்பி" என்றார் பெருமையாக. மற்ற மெக்கானிக்கும் பக்கத்தில் நின்று தலையாட்டினான். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டிகளில் இருந்த தண்ணீரே கொதித்திருக்கும்.

ஊரில் உள்ள ஐஸ் கொம்பனிகளுக்கெல்லாம் ஓடிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கொஞ்சம் ஐஸ் பிடித்தேன். அரைவாசி மீன் கொழும்புக்குப் போனது. மிச்சம் குருநகரில் வந்த விலைக்குப் போனது. பின்னேரமே கலியாணத் தரகர் வந்து, சம்பந்தம் வேண்டாமென்று மாமா சொல்லிவிட்டதாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். அம்மா என்னோடு கதைக்கவில்லை. நான் அந்தப் புதுச் சேட்டைக் கழற்றாமலே படுத்துக் கிடந்தேன். மெஷின் போனால் இன்னொரு மெஷின் வாங்கலாம், ஜெனிற்றாவுக்கு நான் எங்கே போவேன்?

அங்கே குருநகரில் ஜெனிற்றா நடந்ததெல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத் தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாளாம். "அப்பா, அவையின்ரை வீட்டிலை போயிருந்து சம்பந்தத்துக்கு ஓமெண்டு சொன்னனீங்கள். அது எந்த ஓம்? செய்யிற ஓமோ, இல்லாட்டி அந்த மெக்கானிக்கின்ரை ஓமோ?"

சொன்ன சொல் தவறாதவர் என்று கரை முழுக்கப் பேரெடுத்த மனிதர். அடுத்த நாள் பூசை முடிந்து வரும் வழியில் தரகரைத் திரும்ப எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். நான் திங்கட்கிழமை முதல் வேலையாகப் பட்டனில் 'முடிச்சாச்சு' என்று மாற்றினேன். திரை திரும்பவும் சிவந்தது, முதலாளி என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிடுவதை நிறுத்தினார்.

கலியாணத்தன்று கோயிலில் ஃபாதர், "இவரை உம்முடைய மனைவியாக ஏற்றுக்கொள்ளுகிறீரா?" என்று கேட்டார். சொல்லித்தந்த பதில் பயத்தில் மறந்துபோனது. வாயில் வந்தது "ஓம்". முன் வாங்கிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. அவருக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

"ஃபாதர், எந்த ஓமெண்டு கேட்டிட்டு எழுதுங்கோ."

கோயில் முழுக்கச் சிரித்தது. ஃபாதர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றையிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் நான் எதற்கு ஓம் சொன்னாலும், சின்னது பெரிசு எல்லாம் "எந்த ஓம்?" என்றுதான் கேட்கும்.

போன கிழமை பொறுக்க முடியாமல் ஜெனிற்றாவிடம் நியாயம் கேட்டேன். "கலியாணத்திலை ஆர்தான் வேலை முடிச்சுப்போட்டு ஓம் சொல்லுறவை? எல்லாரும் முதலே ஓமெண்டு சொல்லிப்போட்டுத்தான் பிறகு செய்யத் தொடங்கினம். அவையை ஒருத்தரும் கேக்கிறேல்லை. தேவசகாயம் அண்ணை செய்ததுக்கு என்னை மட்டும் ஏன் பிடிச்சுத் தின்னுறியள்?"

அவள் சுளகில் அரிசி புடைத்தபடி, "அது சரி, கிணத்து மோட்டரை நிப்பாட்டினீங்களோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு, தானே எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள்.