முதல்ல கொட்டாங்கச்சி, அப்புறம் கையெழுத்து

கையெழுத்தா? கிடைக்கும் மச்சான். படிவத்துலயே 'சோதனை நடந்த அன்றே வழங்கப்படும்'னு அச்சடிச்சிருக்கு. துறை வாக்குத் தவறினதில்ல. ஆளுங்கதான் படுத்துடுறாங்க.

உன் மூட்டை நிழல்லதானே இருக்கு? இடிச்சுத் தண்ணில கலக்கிக் கொட்டாங்கச்சில குடிக்கிற யங்கோனா வேராச்சே, பச்சையா இருந்தா மூணு நாளைக்கு மேல தாங்காது. உக்காரு, உன்னை மாதிரியே வேர் பயிரிடுற விலிகேசாவுக்கு நடந்ததைச் சொல்றேன்.

ஆறு வருஷம் முன்னாடி இந்தச் சோதனைப் பெட்டியை என் கையில குடுத்தாங்க. சாப்பாட்டு டப்பா அளவுதான். வேர்ல ஒரு துணுக்கை நசுக்கி, மருந்துக் குழாய்ல போட்டு உள்ள வெச்சுட்டா, அறுபத்தஞ்சு டிகிரில அசையாம உக்காந்திருக்கும். வேரோட மரபணு அதுபாட்டுக்கு ஒண்ணு கோடியாப் பெருகும். நாப்பது நிமிஷத்துல காகிதப் பட்டைல கோடு விழும். மேல் கோடுன்னா நல்ல ரகம். நடுக்கோடுன்னா 'ரெண்டுநாள்' ரகம். அதைக் குடிச்சா ரெண்டு நாளைக்கு எந்திரிக்க முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. கீழ்க்கோடு வாடல் நோய். மூணு கேள்விக்கும் ஒரே குழாய்ல பதில். ராத்திரி வகுப்புல படிச்ச எனக்கே புரிஞ்சுது.

விலிகேசாகிட்ட முப்பத்திரண்டு மூட்டை. நாலு மணிக்குக் கப்பல், விட்டா அடுத்த வாரம்தான். ஆக்லாந்துக்காரன், இந்தக் கப்பல்ல வரலைன்னா வேற தீவுல வாங்கிக்குறேன்னுட்டான்.

வியாழக்கிழமை காலைல வேர்ப்பயிர்த் தூய்மைப் பாதுகாப்புத் துறைலேர்ந்து அபகூகி சார் வந்தாரு. மொறைப்படி ஒரு கட்டு யங்கோனாவை ஊர்த் தலைவர் முன்னால வெச்சாரு. தலைவர் கை தட்டி ஏத்துக்கிட்டாரு. நான் விலிகேசா வேரைச் சோதிச்சேன். மேல் கோடு மட்டும், மை தீட்டின மாதிரி.

சார் படிவத்தைப் பிரிச்சாரு. "வெப்பநிலை ஒண்ணு?"

"அறுபத்தஞ்சு சார்."

"ரெண்டு?"

"அறுபத்தஞ்சு."

"மூணும் அறுபத்தஞ்சுன்னு சொல்லிடாத."

"சொல்லாம இருக்கலாம் சார். ஆனா அதுதான்."

தலைநகர் சுவாவுல இருக்கிற பெரிய மெஷின்ல சூடு ஏறும், எறங்கும், மறுபடி ஏறும். படிவம் அதுக்குன்னு பொறந்தது.

"ஒரே நெலைல இருந்தா எதுவும் பெருகாதுப்பா," ன்னாரு. "நான் பத்தொம்பது வருஷமா ஒரே பதவில இருக்கேன். எனக்குத் தெரியும்."

கடைசில சாரே எழுதினாரு: முதல் கட்டத்துல தேநீர்ச் சூடு, ரெண்டாவதுல சார் நெத்திச் சூடு, மூணாவதுல பெட்டிச் சூடு. "ஏறி எறங்கி ஏறுது பாரு," ன்னாரு. "இப்பதான் அறிவியல் மாதிரி இருக்கு."

அடுத்த வரி, 'அங்கீகரிக்கப்பட்ட ஒப்பீட்டு மாதிரி'. தீவுலயே முத்திரை குத்தின யங்கோனா ஒண்ணே ஒண்ணுதான்: சார் கொண்டுவந்த கட்டு. துறை டெண்டர்ல வாங்கினது. அதுல ஒரு துணுக்கை வெட்டி வெச்சேன். நாப்பது நிமிஷம். நடுக்கோடு.

விலிகேசா மெதுவாச் சொன்னான். "சார், உங்க கட்டு ரெண்டுநாள்."

"முத்திரை இருக்கு."

"அது கட்டைச் சுத்தின நாடாவுல இருக்கு சார். வேர்ல இல்ல."

"ஒப்பீட்டு மாதிரியோட ஒத்துப்போனா தேறும். உன் வேர் ஒத்துப்போகல."

"நல்லா இருக்கிறதாலயா?"

"வித்தியாசமா இருக்கிறதால."

சார் கெட்டவர் இல்ல மச்சான். விலிகேசா மூஞ்சியைப் பாத்து எறங்கி வந்தாரு. "கடைசில 'பிற காரணங்கள்'னு ஒரு வரி இருக்கு. அதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுறேன். ஆனா கட்டைக் குடுத்துட்டு அதைக் குடிக்காம பேனாவை எடுத்தா ஊரை அவமதிச்ச மாதிரி. முதல்ல கொட்டாங்கச்சி."

எல்லாரும் தலைவரைப் பாத்தோம். அவரு நடுக்கோட்டைப் பாத்தாரு.

"வாங்கியாச்சு. கை தட்டியாச்சு. திருப்பிக் குடுக்க இது கடை இல்ல. கலக்குங்க."

உள்ள என்ன இருக்குன்னு பெட்டி சொல்லியாச்சு. பதினோரு பேருக்கும் தெரியும். பதினோரு பேரும் மரியாதையாக் குடிச்சோம். மூணாவது சுத்துல சார் பேனா மூடியைத் தொறந்தாரு. மூடியை எங்க வெக்கிறதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்படியே பாயில சாஞ்சாரு.

நாலு மணிக்குக் கப்பல் ஊதிச்சு.

"கேக்குதா?" ன்னான் விலிகேசா, படுத்தபடியே.

"கேக்குது."

"மூட்டை."

"தெரியும்."

"எந்திரிப்பா."

"நீ எந்திரி. பின்னாலயே வரேன்."

கப்பல் மூணு தடவை ஊதிட்டுப் போயிடுச்சு. சனிக்கிழமை எந்திரிச்சா, மூட்டை மேல வெள்ளையாப் பூஞ்சை. சார் கண்ணு முழிச்சதும் முதல் காரியமாக் கையெழுத்துப் போட்டாரு. 'முப்பத்திரண்டு மூட்டையும் தகுதி'. தேதி வியாழக்கிழமைதான். விலிகேசா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கான்.

அப்புறம் துறை விசாரிச்சுது. மூணு கட்டத்தையும் நிரப்பின ஒரே அதிகாரின்னு சாருக்குப் பதவி உயர்வு. அவரு கொண்டுவந்த கட்டே நிரந்தர ஒப்பீட்டு மாதிரி ஆச்சு. விலிகேசா என்ன பண்ணுவான்? நல்ல செடியைப் பூராப் பிடுங்கிட்டு ரெண்டுநாளை நட்டான். இப்ப ஒவ்வொரு தடவையும் தேறுறான். ஆக்லாந்துல ஒருத்தனும் வாங்க மாட்டேங்குறான், ஆனா துறை வாங்குது. அதிகாரிங்க ஊருக்கு ஊர் முன்னால வெக்கிற கட்டு எல்லாம் அவன் தோட்டத்து வேர்தான்.

உன் மூட்டையா? காலைலயே பாத்துட்டேன் மச்சான். மேல் கோடு, சுத்தம். அதான் கவலை. இருந்தாலும் 'பிற காரணங்கள்' வரி இன்னும் இருக்கு. புது அதிகாரியும் நல்லவர்தான், போட்டுடுறேன்னு...

"சிரேலி! கலக்கியாச்சு, தலைவர் கூப்பிடுறாரு!"

இதோ வரேன்.

உன் கையெழுத்தை வாங்கத்தான் போறேன். மூட்டையை இன்னும் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளி வை.