பதினாறு எழுத்துக்குள் அடங்காத மாமனார்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி மூவரும் நலம். அங்கே நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், மூன்று வேளையும் பிரெட்டைத் தின்றுகொண்டு ஒருவர் நலமாக இருக்க முடியும் என்றால். முறைப்படி எழுத வேண்டியது இத்தோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு போங்கள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. என்ன செய்வது? வந்து இறங்கிய அன்றே, பெட்டியைக்கூடத் திறக்காமல், என் மகள் எனக்கு உத்தரவு போட்டுவிட்டாள். "அப்பா, அவருக்கு போன் பண்ணக் கூடாது. மெசேஜ் போடக் கூடாது. அம்மாவை விட்டும் சொல்லக் கூடாது." நான் தலையை ஆட்டிவைத்தேன். ஆனால் கடிதம் எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. ஊரில் உள்ளவர்கள் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் எல்லாம் ஓட்டை கண்டுபிடிப்பவள், தன் உத்தரவில் இருந்த ஓட்டையைக் கவனிக்கவில்லை. அதன் வழியாகத்தான் இப்போது நுழைந்து உங்களிடம் வருகிறேன். மருந்துக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழிலை நான் புரிந்துகொண்ட அளவுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்கு நீங்கள் சி மொழியில் நிரல் எழுதுகிறீர்கள். அதே கம்பெனியில் என் மகள் அந்த நிரலில் குறை கண்டுபிடிக்கிறாள். கணவன் செய்ததில் மனைவி குறை கண்டுபிடிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். உங்கள் இருவருக்கும் அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவள் நிரலை ஓட்டிப் பார்ப்பதே இல்லை. ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்கிறாள். ஒரு கருவி நிரலை வரிவரியாகப் படித்து, திருடன் எந்த வரியில் புகுந்து காரியத்தைக் கெடுக்கலாம் என்று எச்சரிக்கைகளைக் கொட்டுமாம். அதில் எது நிஜம், எது வீண் பயம் என்று பிரித்துச் சொல்வது அவள் வேலையாம். நல்ல வேலைதான். அலுவலகத்தோடு நின்றிருந்தால் நான் இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

வந்த முதல் நாள் அந்த உத்தரவோடு சரி. மறுநாள் காலை ஒரு கட்டு மஞ்சள் ஒட்டுத்தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டைப் படிக்க ஆரம்பித்தாள். எதையும் தொடவில்லை, எந்த சுவிட்சையும் போட்டுப் பார்க்கவில்லை. கண்ணாலேயே பார்த்து, எங்கே என்ன கெடலாம் என்று எழுதி ஒட்டிக்கொண்டே போனாள். செருப்பு அலமாரிக்குக் கீழே மாற்றுச் சாவி வைத்திருக்கிறோம் அல்லவா, அங்கே ஒரு சீட்டு: 'ரகசியத்தை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்தது.' உங்கள் அத்தை ஒரு டப்பாவை எடுத்தால் திரும்ப வைக்காமல் அடுத்த டப்பாவுக்குப் போகிறவள், அதனால் சமையல் மேடையில் ஒரு சீட்டு: 'எடுத்தது திரும்பவில்லை. இடம் தீர்ந்துபோகும்.' எனக்கு என் முதுகிலேயே ஒரு சீட்டு: 'பதிலைப் பார்க்காமல் அடுத்த காரியத்துக்குப் போகிறார்.' காபி இருக்கா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் டம்ளரை வாயில் கவிழ்ப்பது என் பழக்கம். அநேகமாக அது காலி டம்ளராகத்தான் இருக்கும்.

"இத்தனை வருஷத்துல இதனால ஒரு கெடுதலும் நடக்கலையேம்மா" என்றேன்.

"நடந்துச்சான்னு நான் கேக்கலப்பா. நடக்க முடியுமான்னு பாக்குறேன்" என்றாள்.

ஜன்னல் ஓரத்தில் கிடந்த என் சாய்வு நாற்காலி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன மாதம் அதைக் கட்டடக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டோம். அந்த வெறும் தரையிலும் ஒரு சீட்டு: 'விட்டுக்கொடுத்த இடம். மறுபடி பயன்படுத்தக் கூடாது.' நாற்காலியே இல்லாத இடத்தில் என்ன ஆபத்து என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பேனாவை எடுத்து அதன் மேலேயே 'பொய் எச்சரிக்கை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அடுத்த நாள் காலையில் செய்தித்தாளை விரித்து, தலைப்பைப் படித்துக்கொண்டே, பழைய பழக்கத்தில் அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். இடுப்பில் இப்போது பிளாஸ்திரி. உங்கள் அத்தை ஓடிவந்தாள், ஆனால் என்னைத் தூக்குவதற்கு முன் சீட்டைத்தான் தூக்கிப் பார்த்தாள். "படிச்சுட்டுத்தானேங்க கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள். என் மகள் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்து, "அவரும் இதே ரெண்டு வார்த்தைதான் எழுதினாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உங்கள் வீட்டில் என்ன சண்டை என்பதன் தலைப்பு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று மாலையே உங்களுக்காக வாதாடப் போனேன், மாப்பிள்ளை. அதுதான் வினையாகப் போயிற்று. மாதிரிக்காக நீங்கள் கொடுத்த பூட்டை எங்கள் வாசல் கதவில் நானே ஸ்க்ரூடிரைவர் பிடித்து மாட்டி, நானே அதில் நிரலை ஏற்றினேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், சொல்லியிருக்கிறேன். அதன் குட்டித் திரையில் 'வருக மாமா' என்று வரும்படி நீங்கள்தான் பெயர் போட்டுக் கொடுத்தீர்கள். அதில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு, இதுவரை சொன்னதில்லை. பாதி ஆயுளைப் பார்சல் அலுவலகத்தில் கழித்து, ஒரு பிரிவையே கட்டி மேய்த்தவன் நான். வாசலில் வெறும் மாமா என்று போட்டிருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"பேர் வைக்கிற இடத்துல பதினாறு எழுத்துக்குத்தான் இடம் இருக்குப்பா, புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி எழுத்துக் கணக்கு" என்றாள் என் மகள். "அதுக்கு மேல வந்தா என்ன ஆகும்னு அவரு பாக்கவே இல்ல. மிச்ச எழுத்தெல்லாம் பக்கத்து இடத்துல போய் உக்காரும். பக்கத்துல இருக்கிறது கதவைத் திறக்கலாமா வேண்டாமாங்கற குறிப்பு." பார்சல்காரனுக்கு இது புரியாதா? பதினாறு பெட்டி பிடிக்கும் தட்டில் முப்பதைத் திணித்தால் மிச்சம் பக்கத்துத் தட்டில் போய் விழும். அங்கே யாருடைய கண்ணாடிச் சாமானாவது இருக்கும். புரிந்தது, ஆனால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "மாப்பிள்ளை எழுதினது ரெண்டு மாசமா ஒழுங்கா ஓடுது. யாரும்மா அவ்வளவு நீளமா பேர் வைப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, உங்கள் மானத்தைக் காப்பாற்றும் ஒரே நோக்கத்தோடு வாசலுக்குப் போய், 'ஓய்வுபெற்ற பார்சல் பிரிவுத் தலைமை மேற்பார்வையாளர்' என்று ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினேன். ஒரே நோக்கம் என்றா எழுதியிருக்கிறேன்? இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் 'வருக ஓய்வுபெற்ற பார்' என்று வந்து நின்றது. டக்கென்று ஒரு சத்தம். கதவு திறந்துகொண்டது. மூடினேன், தொட்டால் திறந்தது. பெயரை அழிக்கப் பார்த்தேன், அழியவில்லை, கதவு அப்போதும் திறந்தது. உள்தாழ்ப்பாள் போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே முகம் கழுவப் போன இடைவெளியில், மேல்மாடி பல் டாக்டர் லிஃப்டிலிருந்து ஒரு மாடி முன்னதாகவே இறங்கி, தன் வீடு என்று நினைத்துக் கதவைத் தொட்டு, எங்கள் கூடம் வரை வந்து சோபாவில் பையை வைத்துவிட்டார். உங்கள் அத்தையும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது நல்ல காட்சி. போகும்போது அவர், "பூட்டு அருமை சார், தொட்டதும் திறக்குது" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று என் மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமையலறையில் அவள் அம்மாவிடம் பேசியதைக் கூடத்திலிருந்து கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே எழுதிவிடுகிறேன்.

"கருவி நாப்பது இடத்தைக் காட்டுச்சும்மா. அதுல முப்பத்தஞ்சு ஒண்ணுமே இல்ல. அவரு நேரம் வீணாகக் கூடாதுன்னு அத்தனையையும் நானே உக்காந்து படிச்சுக் கழிச்சேன். மிச்சம் அஞ்சைத்தான் கொடுத்தேன். அஞ்சுக்கும் பக்கத்துல 'பொய் எச்சரிக்கை'ன்னு எழுதிட்டாரு. அப்படி எழுதிட்டா கருவி அதுக்கப்புறம் அந்த இடத்தைப் பாக்காது. அவரு படிக்கவே இல்லம்மா."

"அதுக்காகக் கோவிச்சுக்கிட்டு வந்துடுறதா?" என்றாள் உங்கள் அத்தை.

"கோவத்துல வரல. இந்தப் பூட்டு ஒரு பெண்கள் விடுதிக்குப் போகப் போகுது. என் கையெழுத்து இல்லாம போகாது. ஆபீஸ்ல இருந்தா அஞ்சையும் மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தே ஆகணும், அவரு பேரு கெட்டுப்போகும். திங்கட்கிழமை வரைக்கும் லீவு போட்டிருக்கேன். அதுக்குள்ள அவரே படிச்சுத் திருத்திட்டா யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"திருத்தலைன்னா?"

"திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துடுவேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள், மாப்பிள்ளை. அப்போது வெங்காயம் எதுவும் நறுக்கிக்கொண்டிருக்கவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்பது தடவை பயமுறுத்தும் ஒரு கருவியோடு குடும்பம் நடத்தினால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். ஆனால் அந்த ஐந்தும் கருவி சொன்னது இல்லை, அவள் சொன்னது. ஐந்தில் நாலு தப்பாகவே இருக்கட்டும், படித்துவிட்டுத் தப்பு என்று சொல்லுங்கள், அவள் சந்தோஷமாகச் சண்டை போடுவாள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு இடுப்போடு போயிற்று. உங்களுக்கு அப்படிப் போகக் கூடாது என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன். உங்களை எனக்கு மிகவும் பிடிக்கும், அதையும் நேரில் சொன்னதில்லை.

மற்றபடி சீக்கிரம் வாருங்கள். எங்களால் முடியவில்லை. இப்போது உங்கள் அத்தையும் பேனா பிடித்துவிட்டாள். என் பேரில் மட்டும் இதுவரை பதினொரு சீட்டு, அதில் ஒன்றுகூடப் பொய் இல்லையாம். என் வீட்டில் நான் நிம்மதியாக உட்கார ஓர் இடம் வேண்டும். உங்கள் மனைவியை நீங்கள் அழைத்துப் போனால்தான் அது கிடைக்கும்.

நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் நெடுநாள் சண்டை போட்டு வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் அன்பு மாமனார்,
ஓய்வுபெற்ற பார்சல் பிரிவுத் தலைமை மேற்பார்வையாளர்

பின்குறிப்பு: கடிதத்தைப் போடத் தெருமுனைக்குப் போனேன். தபால் பெட்டி இருந்த இடத்தில் ஜூஸ் கடை இருக்கிறது. பெட்டியை எடுத்து வருடக்கணக்காகிறதாம். விட்டுப்போன இடத்துக்கே மறுபடி போய் நின்ற என்னைப் பற்றிப் பன்னிரண்டாவது சீட்டு எழுதப்பட்டுவிடும் என்று பயந்து, கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் நீங்களே வந்து நின்றீர்கள். நாலு எச்சரிக்கையையும் படித்துத் திருத்தியாகிவிட்டது, ஐந்தாவதான பதினாறு எழுத்து விஷயம் மட்டும் பொய்தான், அதை நேரில் நிரூபிக்க வந்தேன் என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு கதவைத் தொட்டீர்கள். பால் வாங்கிவிட்டுத் தாழ்ப்பாள் போட மறந்திருந்தேன், அது திறந்துகொண்டது. திரையில் 'ஓய்வுபெற்ற பார்' என்று இருப்பதைப் படித்துவிட்டு நீங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நிலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்புறம் நீங்கள் இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒரே கம்ப்யூட்டருக்கு அடித்துக்கொண்டு, அந்த ஐந்தாவதையும் திருத்தி, சாயங்காலமே கிளம்பிவிட்டீர்கள். ஆக இந்தக் கடிதத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. இருந்தும் அனுப்புகிறேன். அவள் எதற்காக லீவு போட்டாள் என்பதை அவளாக உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

இன்னொன்று. அலுவலகத்தில் சோதித்தபின் திருத்திய நிரலை அனுப்பியிருக்கிறீர்கள், ஏற்றும் முறையையும் போனில் விளக்கினீர்கள், நானும் புரிந்தது என்றேன். புரியவில்லை. அந்தப் பூட்டை நானே மாட்டினேன் என்று மேலே எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றுமே தெரியாது. நீங்கள் இருவரும் நேரில் வந்துதான் ஏற்றித் தர வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும் வேலையாக இருந்தால் நல்லது. அதுவரை உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறோம். மஞ்சள் சீட்டு ஒன்றைக்கூட உங்கள் அத்தை கிழிக்க விடமாட்டேன் என்கிறாள். சமையல் மேடையைத் துடைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைக்கிறாள். காபி இருக்கா என்று கேட்டுவிட்டு இப்போதெல்லாம் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது, பதில் நன்றாகவே காதில் விழுகிறது.

புது நிரல் பதினாறுக்கு மேல் ஓர் எழுத்துகூட ஏற்காதாமே, என் மகள் சொன்னாள். பரவாயில்லை. வரும்போது பழையபடி 'மாமா' என்றே போட்டுவிடுங்கள்.