அந்தமானுக்கு மேற்கே ஒரு குங்குமப் பொட்டு

ஆயுத பூஜை வந்துவிட்டால் என் வலது கை மோதிர விரலுக்குப் புத்தி கிடையாது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, கதவுப் பூட்டு என்று எதிரில் அகப்பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே போகும். ஒரு வருடம் குழாய் சரிசெய்ய வந்தவரின் ஸ்பானருக்கும் வைத்துவிட்டேன். (அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.) இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் அதே விரல் ஒரு நல்ல மனிதரை நாலு பேர் முன்னால் பொய்யராக நிறுத்தப் பார்த்தது. அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். கணவருக்கு வங்காளத்தில், கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. வீடு பாலிகஞ்சில், கீழ்த்தளம். மாடியில் வீட்டுக்காரர் தத்தா காக்கு (காக்கு என்றால் சித்தப்பா). எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். என்னை ‘பௌமா’ என்று கூப்பிடுவார். வங்காளியில் மருமகளே என்று அர்த்தம். மனைவி போன பிறகு அவர் தெருமுனையைத் தாண்டியதே இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். துர்கா பூஜை சமயத்தில் கண்புரை ஆபரேஷனுக்காக டில்லியில் மகள் வீட்டுக்குக் கிளம்பியவர், தட்டையான ஓர் அட்டைப் பெட்டியை எங்களிடம் கொண்டுவந்தார். மாடியில் கூரை ஒழுகுகிறதாம்.

உள்ளே, மெல்லிய தாள்களுக்கு நடுவில், கையால் வரைந்த பழைய கடல் வரைபடம். நான்கு மூலைகளிலும் கன்னத்தை உப்பிக் காற்று ஊதும் குழந்தை முகங்கள். ஒரு பக்கம் தாமரை மாதிரி விரிந்த திசைகாட்டி. இன்னொரு பக்கம் மீசை வைத்த திமிங்கிலம். காக்குவின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். துறைமுகத்தில் வரைபடங்களைப் பார்த்து நகல் எடுக்கும் வேலை. இதை ஆசைக்காக வீட்டுக்கென்று வரைந்து வைத்துவிட்டு, பினாங்குக் கப்பலில் ஏறிப் போனவர் திரும்பவில்லை.

“ஈரக் கையோட மட்டும் தொடாதே, பௌமா.”

“ஐயோ, தொடுவேனா காக்கு!”

ஒன்பது நாள் கழித்துத் தொட்டேன். புத்தகங்களைப் பூஜையில் அடுக்கியபோது, இதுவும் ஒருவர் செய்த தொழில்தானே, இதை மட்டும் விடலாமா என்று தோன்றியது. சந்தனம் வேண்டாம், தாள் பாழாகிவிடும் என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. மூலைகளில் வைத்தால் குழந்தைகளின் முகத்தில் படும் என்கிற நாகரிகமும் இருந்தது. எனவே நடுவில், அந்தமானுக்கு மேற்கே, யாருக்கும் தொந்தரவில்லாத வெறும் கடலில், குங்குமம் மட்டும் வைத்தேன். விரலில் ஏற்கெனவே சந்தன ஈரம் இருந்ததைத்தான் கவனிக்கவில்லை.

பொட்டு ஊறிவிட்டது. ரப்பர் வைத்துத் தேய்த்தேன். பொட்டு போகவில்லை, மேற்குப் பக்கமாக அதற்கு ஒரு வால் முளைத்தது. அதன்மேல் முகப் பவுடர் போட்டுப் பார்த்தேன். (கேட்காதீர்கள்.) மாலையில் கணவர் வந்து பார்த்துவிட்டு, “அவரு வந்ததும் சொல்லிடு. தள்ளிப் போடாதே” என்றார். தலையாட்டினேன். சொல்லவில்லை.

காக்கு புதுக் கண்ணோடு திரும்பினார். பெட்டியை வாங்கிப் போன இரண்டாம் நாளே, அதையும் பெரிய பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு படி இறங்கி ஓடிவந்தார்.

“பௌமா! அறுபது வருஷமா பார்க்கறேன், இந்தச் சிவப்பு என் கண்ணுல பட்டதே இல்ல. ஆபரேஷன் பண்ணினதுக்கு அப்புறம்தான் தெரியுது!”

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது, “அப்படியா காக்கு?” என்று குனிந்து பார்த்ததுதான்.

அண்ணன் போன கப்பல் மூழ்கிய இடத்தைத் தம்பி குறித்து வைத்திருக்கிறார் என்பது காக்குவின் முடிவு. வால் எதற்கு? நீரோட்டம் இழுத்துப் போன திசை! அடுத்த வாரம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறி நூலகத்துக்குப் போனார். அதற்கடுத்த வாரம் மூன்று முறை போனார். மாலையில் எங்கள் வீட்டில் டீ குடித்தபடி, எந்தக் கப்பல், எந்தப் புயல் என்று சொல்லுவார். ‘இவ்வளவு சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பது’ என்று நான் பெருமூச்சு விடுவேன். எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்திருந்தது.

குளிர்காலம் வந்தது. பாடாவின் கிளப் அறையில் (பாடா என்றால் நம் பேட்டைதான்) காக்கு ஒரு சொற்பொழிவுக்கு ஏற்பாடு செய்தார். பழைய வரைபடங்களை ஆராயும் அம்மாள் ஒருவரை ஜாதவ்பூரிலிருந்து அழைத்திருந்தார். முப்பது பேர் வந்தார்கள். முதல் வரிசையில் எங்களுக்கு இடம்.

காக்கு அழகாகப் பேசினார். அண்ணனின் கதையைச் சொன்னபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு அந்த அம்மாள் லென்ஸோடு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. கடைசியில் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார்.

“தத்தா பாபு, இது பழைய மை இல்ல. இப்ப சமீபத்துல யாரோ வச்சது. வச்சுட்டு ரப்பரால அழிச்சிருக்காங்க.”

“இருக்கவே முடியாது. அது என் பெட்டியை விட்டு வெளியே போனதில்ல. பௌமாகிட்ட மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. அவ கண்ணு மாதிரி பாத்துக்கிட்டா.”

பின் வரிசையில் யாரோ மெதுவாகச் சொன்னார்: “அப்ப தத்தாவே வச்சிருப்பாரு. பேரு வரணுமில்ல?”

காக்குவின் காதில் அது விழுந்ததை நான் பார்த்தேன். கையிலிருந்த குறிப்புத் தாளை மடித்தார். கணவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எழுந்து நின்றேன். அதுவரை கற்ற வங்காளியெல்லாம் போய், இரண்டே வார்த்தைதான் மிச்சம் இருந்தது.

“ஆமி கோரேச்சி.” நான்தான் செய்தேன்.

பிறகு இந்தியும் இங்கிலீஷும் கலந்து பூஜை, புத்தகம், சரஸ்வதி, குங்குமம் என்று உளறினேன். அப்புறம் ஒரு பெரியவர் கோபமாக எழுந்தார்.

“சரஸ்வதி பூஜை மாக மாசத்துல இல்ல வரும்? துர்கா பூஜையில எதுக்கு வச்சீங்க?”

அதோடு கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தெற்கே அப்படித்தான் என்று ஒரு கட்சி, எங்கே செய்தாலும் தப்புத் தப்புதான் என்று இன்னொரு கட்சி. அந்தக் கூச்சலுக்கு நடுவில் காக்கு வரைபடத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தனியாக நடந்து போனார்.

நாலு நாள் அவர் கீழே வரவில்லை. கதவுக்கு வெளியே ரசம் வைத்துவிட்டு வந்தேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, காலியாக. அதற்கு முன்பெல்லாம் அதில் இனிப்பாக இரண்டு சந்தேஷாவது இருக்கும். அந்தக் காலிப் பாத்திரத்தைப் பார்த்துத்தான் நான் அழுதேன். ஐந்தாம் நாள் மாடிக்குப் போனேன்.

“ஏன் முதல் நாளே சொல்லலை?”

“நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க காக்கு.”

“இருந்தேன். நானே கண்டுபிடிச்சேன்னு இருந்தேன். குழந்தை விளையாடறதைப் பார்க்கற மாதிரி நீ பார்த்துட்டு இருந்திருக்கே.”

அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் பயத்துக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு பெருமையாக உலாவியிருக்கிறேன்.

“பயமா இருந்தது காக்கு. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இது நிஜம்” என்றார். நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, “உட்கார்” என்றார்.

அந்த அம்மாள் கறையை எடுத்துத் தருவதாகச் சொல்லியும் காக்கு ஒப்புக்கொள்ளவில்லை. நூலகத்துக்குப் போவதையும் நிறுத்தவில்லை. கப்பல் நிஜமாக எங்கே போனதென்று தெரிய வேண்டுமாம். இன்றுவரை தெரியவில்லை, அவரும் விடவில்லை. வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாடிக் கூடத்தில் தொங்குகிறது. அதில் என்னென்ன இருக்கின்றன என்று கீழே ஒரு சீட்டில் தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்.

எனக்கு வங்காளி படிக்க வராது. தமிழைவிட வங்காளி நன்றாகப் பேசும் என் மகள், தோழிகள் யார் வந்தாலும் மாடிக்குக் கூட்டிப் போய், அந்தச் சீட்டைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். திசைகாட்டி ஒன்று. திமிங்கிலம் ஒன்று. காற்று ஊதும் குழந்தைகள் நான்கு. கடைசி வரியை மட்டும் நான் கீழே சமையலறையில் இருந்தாலும் கேட்கிற மாதிரி தமிழில் சொல்லுவாள்:

“சிவப்புப் புள்ளி: கீழ்வீட்டுப் பௌமா மூழ்கிய இடம். ஐந்தாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார்.”