குவிமாட மண்டபத்தில் நல்ல இடம் பிடித்த கதை

பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் மச்சான் டேவிட் ராஜுக்கு, முதுநகரிலிருந்து உன் அக்கா வீட்டுக்காரன் செபாஸ்டின் எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நானும் மகள் சிந்தியாவும் நலம். உன் நலத்தையும், உன் உடம்பில் ஓடும் சர்க்கரையின் நிலவரத்தையும் அறிய ஆவல்.

முதலில் ஒரு மன்னிப்பு. போன மாதம் உன் மாமியார் இறந்த செய்தியை நீ போனில் சொன்னபோது நான் சிரித்து, "ரொம்ப சந்தோஷம் மச்சான், ஜமாய்ச்சிடு" என்றேன் அல்லவா? அது அந்த அம்மாளைப் பற்றிய என் அபிப்பிராயம் இல்லை. எனக்குக் காது கேட்கவில்லை. இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் யாராவது வாயை வைத்துக் கத்தினால் உண்டு. முப்பது வருஷம் மைக்செட் போட்டவனுக்கு ஊர்த் திருவிழாக்கள் கொடுத்த சன்மானம். மைக்செட்காரன் செவிடு என்று தெரிந்தால் எவன் கூப்பிடுவான்? எட்டு மாதமாக எதிராளியின் உதட்டைப் பார்த்தே காலம் தள்ளுகிறேன். சிந்தியாவுக்கும் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே.

அவளிடம் மறைக்கக் காரணம் இருக்கிறது. போன வருஷம் உன் அக்கா அடக்கத்தன்று நீயே பார்த்தாய், சொந்தப் பெண்டாட்டியின் அடக்கத்துக்கே வயர் இழுத்தவன் நான். அம்மாவுக்காக ஒரு பாட்டுப் பாடுகிறேன் என்று வந்த பெண்ணிடம், "இரும்மா, டெஸ்டிங் முடியட்டும்" என்றேன். டெஸ்டிங் முடிவதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் என்னோடு அளந்துதான் பேசினாள். போன மாதம் அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். "சிதம்பரத்துல புது மண்டபத்துல எங்க குழு பாடுதுப்பா. அன்னிக்கி அம்மாவுக்குப் பாட இருந்த பாட்டுதான். நீ ஸ்பீக்கரத்தான் கேப்ப, என்ன எப்பக் கேட்ட? இந்தத் தடவயாவது உக்காந்து கேளு." எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் உண்மையைச் சொல்வேன், மச்சான்?

அந்த மண்டபம் இட்லிச் சட்டி மூடி மாதிரி இருக்கிறது. நடுவில் வட்ட மேடை, சுற்றிலும் நாற்காலிகள். ஒரு வாரம் முன்பே இடம் பார்க்கப் போனேன். காவலாளி சிங்காரத்துக்கு அடர்ந்த மீசை, உதடே தெரியவில்லை. வலது காதைக் காட்டினேன். "நடுவுல உக்காந்தா ஒரே பாட்ட ரெண்டு தடவ கேக்கலாம் சார், மேல போயித் திரும்பி வருது! செவுத்தோரம் உக்காந்தா எதிர்ச் செவுத்துல குசுகுசுன்னு பேசுறதுகூட வுழும்!" என்று கத்தினார். "சத்தம் கிடக்கட்டுங்க, பாடுற பொண்ணு வாய் எங்கேருந்து தெரியும்?" என்றேன். அவர் சந்தேகமாகப் பார்த்து, "காது கேக்காதா சார்?" என்று போட்டார் ஒரு போடு. அது கூரைக்குப் போய் எத்தனை முறை திரும்பியதோ, பெருக்கிக்கொண்டிருந்த பெண்கள் நாலு பேரும் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

இடமிருந்து மூன்றாவதாக நிற்பேன் என்று சிந்தியா சொல்லியிருந்தாள். அதற்கு நேர் எதிரே, முதல் வரிசையில் பதினாலாம் நம்பரைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போய் உட்கார்ந்தால், கடைசி நேரத்தில் உயரப்படி வரிசையை மாற்றி, அவளை மேடையின் மறுபக்கம் பார்த்து நிற்க வைத்துவிட்டார்கள். எனக்கு அவள் பின்னலும் மல்லிகையும்தான் தெரிந்தன. பாட்டு ஆரம்பித்துவிட்டது. எழுந்தேன். எத்தனை கால்களை மிதித்தேன் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். ஒரு அம்மாள் என் சட்டையைப் பிடித்திழுத்து, "ஒரு எடத்துல குந்த மாட்டியாய்யா, கூட்டத்துல தேரா இழுக்குற?" என்றார், அவர் உதடு மட்டும் வெகு தெளிவு. கடைசியில் எதிர்ப்பக்கம் தீயணைப்பு வாளிகளுக்குக் கீழே, படிக்கட்டில் உட்கார்ந்தேன். நேர் எதிரே அவள் வாய். உன் அக்கா மாதிரியே இடது ஓரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு பாடுகிறாள். எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். அவள் உதட்டோடு நானும் மனசுக்குள் போனேன். மண்டபத்திலேயே நல்ல இடம் அதுதான் மச்சான். அழுதாலும் வாளியின் நிழல் மறைக்கும்.

வெளியே வந்ததும், "கேட்டுச்சாப்பா?" என்று உதட்டை அசைத்தாள். "கேட்டுச்சாவா? ஒவ்வொரு வார்த்தையும் கணீர்னு! இருவது பேர்ல உன் கொரல் தனியா எடுத்துக் காட்டுச்சே!" என்றேன். என்னையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தவள், என்ன நினைத்தாளோ, எழுந்து வலது பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கடன் தீர்ந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் ஜாடைதான். மனசு நிறைந்துவிட்டால் பேச்சு எதற்கு?

உன் வீட்டாருக்கு என் அன்பு. உன் மாமியார் ஆன்மாவுக்காக, இந்த முறை சிரிக்காமல், ஒரு பூசை சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செபாஸ்டின்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில், குழுவை நடத்தும் ஜெயராணி அதிமதுரப் பொட்டலத்தோடு வந்தாள். வந்தவள் நேராக என் வலது காதுக்குக் குனிந்து கத்தினாள்: "சிந்தியாவுக்குக் குடுங்கண்ணே! சனிக்கிழமையே தொண்ட கட்டிப்போயி அவளுக்குக் கொரலே வரல. மேடையில வாய மட்டும்தான் அசச்சா!"