நாலு பக்கமும் கேட்டவன்

முதல் பக்கம் முடிவதற்குள் விபினின் இடது கால் மரத்துப்போனது.

அசைக்கலாம். அசைத்தால் நாற்காலி கிறீச்சிடும். கிறீச்சிட்டால் எதிரே கண்மூடி உட்கார்ந்திருக்கும் ரெஜிலாவின் அப்பா யேசுரத்தினம் கண்ணைத் திறப்பார். அவர் திறந்தால் ரெஜிலா கிடைக்கமாட்டாள்.

கணக்கு அவ்வளவுதான். போட்டுக் கொடுத்தவர் கல்யாணத் தரகர் ரசலையன். மயிலாடிக்கு வரும் வழியில், காரிலேயே பாடத்தை முடித்துவிட்டார்.

“கேட்டுக்க மக்கா. சார் கப்பல்ல இருந்த மனுசன். பொண்ணு காப்பி தந்துட்டு உள்ள போனதும் ஒரு பாட்டுத்தட்டு போடுவாரு. எழுபதுகள்ல வந்த இங்கிலீஸ் பாட்டு. ஒண்ணு இல்ல, ரெட்டைத் தட்டு. ஆக மொத்தம் நாலு பக்கம்.”

“செரி.”

“உனக்கு முன்ன வந்த தக்கலை பேங்க்காரன் போன் வருதுன்னு சொல்லி முதல் பக்கத்துலயே வெளிய சாடிட்டான். குலசேகரம் இஞ்சினியர் குறட்டை விட்டான். பல் டாக்டர் ஒருத்தன் இருந்தான், அவன் மூணாம் பக்கத்துல எழும்பி, நமக்கு ஒத்துவராது சாருன்னு கைகூப்பிட்டுப் போனான். ஒருத்தனையும் சார் வேண்டாமின்னு சொல்லல்ல. அவனுவளே போனானுவ. இதுல இருந்து என்ன தெரியுது?”

“என்ன தெரியுது அண்ணாச்சி?”

“பரிச்சையாக்கும். முழுசா இருந்து ரசிச்சவனுக்குத்தான் பொண்ணு.”

விபின் மார்த்தாண்டத்தில் பிசியோதெரபிஸ்ட். அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பிழைக்கிறவன். கோட்டாறில் ஒரு கல்யாணப் பந்தியில், எதிர்வரிசையில் இருந்த ரெஜிலா எதற்கோ சிரிக்க, இவன் பாயசத்துக்கு மேல் மோரை வாங்கி, கலந்து, குடித்தும் விட்டான். அன்றிலிருந்து வேறு பெண்ணின் போட்டோவைக் காட்டினால் ஓரத்தைக்கூடத் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஒரு வாரமாக அந்த இரட்டைத் தட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தான். எந்த கிட்டார், எந்த ஸ்டுடியோ, யாருக்கு யாரோடு சண்டை, எல்லாம் அத்துப்படி. கேட்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

இப்போது கிடைத்துவிட்டது.

ஊசி தட்டை விட்டு எழுந்தது. யேசுரத்தினம் கண்ணைத் திறந்தார்.

“எப்படித் தம்பி இருக்கு? கொஞ்சம் இரைச்சல், இல்லியா?”

“இரைச்சல்தான் அங்கிள் அழகே.”

யேசுரத்தினத்தின் முகம் தொங்கியது. நெகிழ்ந்துவிட்டார் என்று விபின் முடிவு செய்தான்.

இரண்டாம் பக்கம் ஓடத் தொடங்கியதும், மரத்த காலை எழுப்ப மெல்லத் தரையில் தட்டினான். அவர் பார்த்துவிட்டார்.

“கால் வலிக்குதோ? வலிச்சா எழும்பிப் போவும், ஒண்ணும் நினைக்கமாட்டேன்.”

“தாளம் அங்கிள். தன்னால வருது.”

சொன்ன பிறகு நிறுத்த முடியுமா? அந்தப் பக்கம் முழுக்கத் தட்டினான். கால் விழித்துக்கொண்டது. முழங்கால் வலிக்கத் தொடங்கியது.

ரெஜிலாவின் அக்கா ரெனிஷா ஒரு தட்டம் நிறைய நேந்திரங்காய் வற்றல் கொண்டு வைத்தாள். மறுத்தால் மரியாதை இல்லை. கடித்தால் பாட்டுக்கு மேலே கேட்கும். ஒன்றை வாயில் போட்டு, ஊறவைத்து, உப்பு மிட்டாய்போலச் சப்பினான்.

“பல்லுல ஏதாவது கேடு உண்டா?” என்று ரெனிஷா ரசலையனிடம் கிசுகிசுத்தாள்.

“ரசிக்கான்” என்றார் ரசலையன்.

அவள் உள்ளே போனாள். திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பாயசத்தில் மோர் கலந்த அதே சிரிப்பு. விபினுக்குள் நம்பிக்கை குப்பென்று ஏறியது.

“இன்னைக்குக் கிளினிக் திறக்கண்டாமா தம்பி?” என்றார் யேசுரத்தினம்.

“லீவு போட்டுட்டேன் அங்கிள்.”

“நாலுமுக்கு ஜங்ஷன்ல சாயங்காலமானா பஸ்ஸு கிடைக்கப் பாடாக்கும்.”

“கார் இருக்கு அங்கிள்.”

யேசுரத்தினம் விட்டத்தைப் பார்த்தார். ரசலையன் விபினின் காதருகே சாய்ந்தார். “சோதிக்காரு. விட்டுராத.”

அப்போது கரண்டு போனது. பாட்டு, பாடுகிறவனின் தொண்டையைப் பிடித்ததுபோல இழுத்து நின்றது.

யேசுரத்தினம் துள்ளி எழுந்தார். “கரண்டு போச்சே. செரி தம்பி, என்ன செய்ய, இன்னொரு நாள் பாக்கலாம்.” வருத்தம் வார்த்தையில் மட்டும் இருந்தது.

விபின் கணக்குப் போட்டான். பாதியில் போனால், போனவர்களில் ஒருவன்தானே இவனும்?

“இன்வெர்ட்டர் இருக்குல்லா அங்கிள்? ஃபேன் சுத்துது பாருங்க.”

“அந்த லைன்ல பிளேயர் கிடையாது.”

“இப்பம் குடுத்துரலாம்.”

தடுப்பதற்குள் பீரோவின் பின்னால் நுழைந்தான். பிளேயரின் வயரை உருவி, ஃபேன் லைனில் இருந்த பிளக் பாயிண்ட்டில் சொருகப் போனபோது, முழங்கால் மடங்கியது. பிடிமானத்துக்கு எதையோ பிடித்தான். அது ஸ்பீக்கர். ஸ்பீக்கர் மேசை விளிம்பை இடித்துக்கொண்டு அவன் மடியில் இறங்கியது. பிளேயர் ஒரு குதி குதித்து அமைதியானது.

“உடைஞ்சு போச்சா?” என்றார் யேசுரத்தினம். கேள்வியில் ஆசை இருந்தது.

விபின் வயரைச் சொருகினான். “இல்ல அங்கிள். பாடுது.”

பாடியது. தலைமுடியில் ஒட்டடையோடு விபின் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மூன்றாம் பக்கத்தின் நடுவில் கிட்டாரின் மூன்று சுரங்கள் வந்தன. திரும்ப வந்தன. மறுபடி அதே மூன்று. விபின் கண்ணை மூடித் தலையை ஆட்டினான். புதுமை என்று படித்திருந்தான்; இதுதான் போலிருக்கிறது. வெளியே பக்கத்துப் பட்டறையில் சிலை கொத்துகிறவரின் உளிச்சத்தம் அந்த மூன்று சுரத்துக்குச் சரியாகப் பொருந்தியது. யேசுரத்தினம் பிளேயரைத் தொடவில்லை. கைகட்டிக்கொண்டு விபினையே பார்த்தபடி இருந்தார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. தலையாட்டலில் விபினுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

கடைசியில் ரெனிஷா அடுக்களையிலிருந்து வந்தாள். “அப்பா, ஊசி மாட்டிட்டுக் கிடக்கு. தலை வலிக்குது, எடுத்து விடுங்க.”

“மாட்டிட்டா கிடந்துது?” என்றான் விபின். அவர்கள் பார்த்த பார்வையில், “அதுவும் நல்லாத்தான் இருந்துது” என்று சேர்த்துக்கொண்டான்.

யேசுரத்தினம் ஊசியைத் தள்ளிவிட்டு, நாற்காலியில் மொத்தமாக விழுந்தார்.

அதன் பிறகு வந்த பாட்டில்தான் ஒன்று நடந்தது. பியானோ தனியாகத் தொடங்கியது. ஒருவன் பாடினான், பாடலாமா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டு பாடுகிறவன்போல. பிறகு இன்னொரு குரல் சேர்ந்தது. இன்னொன்று. ஆலயத்தில் பாடகர் குழு வரிசை வரிசையாக எழும்புவதுபோல, ஒவ்வொரு குரலும் முந்தியதன் தோளில் கைவைத்து எழுந்தது. டிரம்ஸ் கடைசியில் வந்தது, தாமதமாக வந்த பெரிய மாமாவைப்போல, எல்லோரையும் நகரச் சொல்லிக்கொண்டு.

விபின் தலையை ஆட்டவில்லை. காலும் கழுத்தும் முழங்காலும் இருப்பது மறந்துபோனது. கொஞ்ச நேரம் ரெஜிலாவே மறந்துபோனாள்.

பாட்டு முடிந்தது.

“அங்கிள், அந்த பியானோ முதல் பக்கத்துலயும் வந்துது இல்லியா? அங்க சந்தோசமா வந்துச்சு. இப்பம் அதையே அழுதிட்டு வாசிக்கான்.”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாதா?”

“மறந்து போச்சு தம்பி” என்றார் யேசுரத்தினம் அவசரமாக. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். “நாலாம் பக்கம் வேண்டாம். அது அவ்வளவு கொள்ளாது, சுமாராக்கும்.”

“இல்ல அங்கிள்.” இம்முறை விபினுக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. “இதுக்கு மேல என்ன ஆச்சுன்னு தெரியாம எப்படிப் போவேன்?”

யேசுரத்தினம் ரசலையனைப் பார்த்தார். ரசலையன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். யேசுரத்தினம் திரையைப் பார்த்தார். திரை அசைந்தது, உதவி வரவில்லை. பெருமூச்சோடு தட்டைத் திருப்பினார். முந்திய பக்கங்களில் இருந்த கீறல் இதில் ஒன்றுகூட இல்லை.

நாலாம் பக்கம் ஓடியது. பாதியில் ரெனிஷா வாசற்படியில் வந்து சாய்ந்து நின்றாள். பிறகு அம்மா தேவகனி, கையில் கரண்டியோடு. கடைசிப் பாட்டில் திரை விலகி, ரெஜிலாவும் வந்து நின்றாள். யேசுரத்தினமே நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

ஊசி எழுந்தது. உளிச்சத்தம் மட்டும் மிச்சம்.

“நல்லாத்தான் முடிச்சிருக்கான்” என்றாள் தேவகனி.

யேசுரத்தினம் தொண்டையைச் செருமினார். “தம்பி, வீட்டுல கலந்துட்டுச் சொல்லி விடுதேன்.”

வெளியே வந்ததும் ரசலையன் விபினின் முதுகில் ஓங்கித் தட்டினார். சுளுக்கிய கழுத்து வரை வலித்தது.

“ஜெயிச்சுட்ட மக்கா. கலந்துட்டுச் சொல்லுதேன்னாரா? இதுவரைக்கும் ஒருத்தன்கிட்டயும் அந்த வார்த்தை சொன்னதில்ல.”

விபினுக்கு நடக்கத் தெரியவில்லை, மிதந்தான். கேட் வரை மிதந்தபோது பின்னால் ரெனிஷா ஓடிவந்தாள். கையில் அவன் மறந்துவிட்ட கார் சாவி. தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையையும் எடுத்துவிட்டாள். அக்கா முறைக்கு இப்போதே வந்துவிட்டாள் என்று விபின் பூரித்தான்.

“அக்கா, இதுவரைக்கும் நாலு பக்கமும் இருந்து கேட்டது நான் மட்டும்தானே?”

ரெனிஷா அவனை இரக்கத்தோடு பார்த்தாள்.

“ஆமா தம்பி. ரெஜிலா வேண்டாமின்னு தலையாட்டுத மாப்பிள்ளைய, முகத்துக்கு நேர சொல்லாம எழுப்பி விடுததுக்குன்னு அப்பா வாங்கி வச்ச தட்டாக்கும் அது. நாலாம் பக்கத்துல என்ன இருக்குன்னு இன்னைக்குத்தான் எங்களுக்கே தெரியும்.”