மூச்சுப்புடியாருக்கு ஒரு பொன்னாடை

ஒரு பேருந்து நிறைய மக்களின் மூச்சை ஒரே அதட்டலில் நிறுத்தக்கூடியவர் ஜவ்வாது மலையில் ஒருவர்தான். மூச்சுப்புடியார் என்பது மலை அவருக்கு இட்ட பெயர்.

நான் அவரை முதன்முதலாகக் கண்டது ஜமுனாமரத்தூரிலிருந்து கல்லூரிக்குச் சென்ற ஒரு காலையில். கொண்டை ஊசி வளைவொன்றில் பேருந்து நின்றது. சாலையோரம் ஒரு கொசுவலை கட்டப்பட்டிருந்தது. அதனுள் தலைக்கவசம் அணிந்த ஒருவர் சம்மணமிட்டிருந்தார். மலைக்கு இணையம் கொண்டுவரும் கேபிளை ஜேசிபி அறுத்துவிட்டதாம். தலைமுடி பருமனே உள்ள கண்ணாடி இழைகளை அவர் ஒட்டிக்கொண்டிருந்தார். தூசியோ காற்றோ பட்டால் ஒட்டு நிற்காது.

"பஸ்ல கீறவங்க அல்லாரும் எறங்கி காத்துக்கு மறைப்பா நில்லுங்க! மூச்சு புடி!"

இறங்கினார்கள். என்னை அதிர வைத்தது அதுதான். சாமை மூட்டையுடன் வந்தவர் முதல் பள்ளி ஆசிரியை வரை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. வரிசையாக நின்று கன்னங்களை உப்பிக்கொண்டார்கள். யாரோ தும்மினார்.

"யார்ரா அவன்? முப்பதடி தள்ளி நிக்க சொல்லு!"

தும்மியவர் எனக்குப் பாடம் நடத்திய தலைமையாசிரியர். அவர் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்து போய் நின்றார்.

"இது என்னங்க அநியாயம்?" என்று நடத்துநரிடம் முணுமுணுத்தேன்.

"கம்னு நில்லு பாப்பா. இந்தாளு இல்லேன்னா ரேஷன் கடை மிஷின் கைரேகையே எடுக்காது."

நெல்லிவாசல் பக்கம் ஒரு திருமணத்தில், தாலி கட்டும் கணத்தில் பந்தலுக்குப் பின்னாலிருந்து அவர் மேளத்தை நிறுத்தினார் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. "ரெண்டு நிமிசம் பொறுத்துக் கட்டுப்பா மாப்ள! மேளம் அதிருது, ஆஸ்பத்திரி லைன் பூடும்!" மாப்பிள்ளை தாலியை ஏந்தியபடி காத்திருந்த புகைப்படத்தை அந்த வீட்டாரே காட்டிய பிறகு நம்பவேண்டியதாயிற்று.

இந்நிலையில், இணைய வளர்ச்சிக்குப் பங்காற்றியும் கவனிக்கப்படாதவர்களுக்கு எங்கள் கல்லூரி பாராட்டு விழா அறிவித்தது. பட்டியலில் இருந்த அனைவரும் ஏற்கெனவே பலமுறை பாராட்டப்பட்டவர்கள். ஆசிரியர் கூட்டங்களில் வாய் திறவாத நான் எழுந்து மூச்சுப்புடியாரை முன்மொழிந்தேன். பெயரும் பதவியும் வேண்டும் என்றார் கல்லூரி முதல்வர். மறுநாள் சாலையோரக் கொசுவலையைத் தேடிப் போய் அவரிடமே கேட்டேன்.

"உங்க பேர் என்னங்க?"

"இன்னாத்துக்கு? கம்ப்ளெய்ன்ட்டா?"

"பாராட்டு விழாங்க. மேடையில உங்க பேரைப் படிப்பாங்க."

கையிலிருந்த இழையைக் கீழே வைத்தார். "மைக்லயா?"

"மைக்லதான்."

"பதினோரு வருசமா கான்ட்ராக்டரு நோட்டுல 'ஆள் ஒண்ணு'ன்னுதான் எழுதறாரு." தலைக்கவசத்தைக் கழற்றினார். "மைக்லயா?"

பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத அவர் ஒப்பவில்லை. ஒப்பந்ததாரர் இந்த இதழின் வாசகராம். பதவி என்னவென்று கேட்டேன். "டெம்ப்ரவரி" என்றார்.

விழாவன்று தேய்த்த சட்டையுடன் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார், கருவிப்பை மடியில். சிறப்பு விருந்தினர் சென்னையிலிருந்து திரையில் தோன்றி, "கடைக்கோடி மனிதரை நாம்" என்று தொடங்கி, திறந்த வாயுடன் அப்படியே உறைந்தார். இணையம் போய்விட்டது. விழாப் பதாகையின் இரும்புக் காலைக் கேபிளின் மேலேயே நட்டிருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலி காலி. மேடைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஃபேன நிறுத்து! சார், அந்தத் துணிய விரிச்சுப் புடிங்க, காத்து வருது! அல்லாரும் மூச்சு புடி!"

அந்தத் துணி அவருக்கான பொன்னாடை. ஒரு முனையை முதல்வரும் மறுமுனையைத் துறைத்தலைவரும் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார்கள். அரங்கம் முழுவதும் கன்னங்கள் உப்பின. நானும் உப்பினேன் என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

இணையம் வந்தது. நடந்தது எதுவும் அறியாத விருந்தினர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, கடைக்கோடி மனிதரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பின்னர் விருதாளர் பெயர்கள் படிக்கப்பட்டன. கடைசிப் பெயருக்கு முன்னால், "நேரமின்மை காரணமாக" என்றார் முதல்வர். நாட்டுப்பண் தொடங்கிவிட்டது. தலையெல்லாம் ஒட்டடையுடன் மூச்சுப்புடியார் விறைப்பாக நின்றார்.

"தபால்ல அனுப்பிடலாம்மா" என்றார் முதல்வர். மேசையிலிருந்த சான்றிதழை அனுமதி கேளாமல் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்திற்கு ஓடினேன்.

"பரவால்ல பாப்பா" என்றார், தரையைப் பார்த்தபடி. "வூட்ல போன்ல விழாவ லைவா பாத்துக்கினு இருந்தாங்க. லைன் சூப்பரா வந்துச்சாம். பேருதான் வர்லியாம்."

"இப்போ வீட்டுக்குப் போன் போடுங்க."

போட்டார். திரையில் அவர் மனைவி முகம் தெரிந்தது. கடைத்தெரு முழுவதும் வேடிக்கை பார்க்க, சான்றிதழை முதல் வரியிலிருந்து அவர் பெயர் வரை படித்தேன்.

"இன்னொரு தபா படி பாப்பா" என்றார். "அவளுக்குக் கேக்கலியாம்."

அந்த அம்மா முதல் தடவையிலேயே விசும்பியது எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது. முன்னிலும் உரக்கப் படித்தேன்.